நாற்பத்துநான்காம் இலக்கம்

அஜின்கோர்ட் புறநகரில் நாங்கள் வீடு வாங்கிய தெரு ஒருகாலத்தில் முழுக்க வெள்ளைக்காரர்களுடையது. பிறகு ஹொங்கொங்கிலிருந்து சீனர்கள் வந்தார்கள். அவர்களுடைய கார்கள் எங்கள் வரவேற்பறையைவிடச் சுத்தமாக இருக்கும். அவர்களுக்குப் பின்னால் ஊரைவிட்டு வந்த தமிழர்கள் நாங்கள், ஆளுக்கு இரண்டு வேலையும் ஒரு பழைய வான் வண்டியுமாக. எங்கள் வீட்டு இலக்கம் நாற்பத்திரண்டு. கூட்டினால் ஆறு, சுக்கிரன், சொத்துச் சேரும் என்று நம்பித்தான் வாங்கினேன். சேர்ந்தது, வங்கிக்கு.

பக்கத்து நாற்பத்துநான்கில், தெருவில் மிஞ்சிய கடைசி வெள்ளைக்காரர்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரும் மனைவியும். அந்த அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. படுக்கையறையோ மாடியில். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். பீற்றர்பரோவில் மகள் வீட்டுக்கு அருகே படியில்லாத சின்ன வீடொன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். இது விற்றால்தான் அது. பனிக்கு முன்னம் அவரை அங்கே கொண்டுபோய் இருத்திவிட வேண்டும் என்பதுதான் கிழவரின் ஒரே கவலை.

வீடு விற்பனைக்கு என்ற பலகை வசந்தத்தில் நட்டது, இலையுதிர் காலத்திலும் அப்படியே நின்றது. சீனர்கள் வாசலில் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்காமலே போனார்கள். எங்கள் ஆட்கள் இறங்கி, குசினி அடுப்பைப் புகழ்ந்து, விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உண்மையைச் சொல், என் வீட்டில் ஏதும் கெட்ட மணம் வருகிறதா?" என்று கேட்டார்.

எங்கள் கறித் தாளிப்பால் அதுவரை அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள்.

விளக்கினேன். சீன மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே சத்தம், உங்கள் கதவில் இரண்டு சாவு. எங்களுக்கு நாலும் நாலும் எட்டு, அது சனியன். கிழவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "சனியனா? அவர் எந்த ஏஜென்ட்?" என்றார்.

இலக்கத்தைக் கழற்றிவிட்டு எழுத்தில் எழுதினால் யார் கூட்டப்போகிறார்கள்? எனக்கு அப்படித்தான் மூளை வேலை செய்தது. உடனே பலகையோடும் பெயின்ட்டோடும் கராஜில் உட்கார்ந்தேன்.

"இஞ்சாருங்கோ, எங்கட கதவுப்பிடி எத்தினை மாசமா ஆடுது, நீங்கள் ஊருக்குப் பலகை எழுதுறியளோ?" என்றாள் மனைவி.

"பாவமடியப்பா, அந்த மனிசியின்ர கால்..."

"ஓம் ஓம், காலுக்குப் பலகை வைச்சு வைத்தியம் பாக்கிறார் பரியாரியார்."

நான் 'ஃபோர்ட்டி ஃபோர்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். 'ஃபோர்' எழுதும் கைப்பழக்கத்தில் 'ஃபோர்ட்டி'க்குள்ளும் ஒரு 'யூ'வைச் செருகிவிட்டேன். ஆங்கில ஆசிரியர் பலகையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார், நன்றி சொன்னார். தானே ஆணியும் அடித்தார்.

அடுத்த கிழமை இரண்டு கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் மனைவியோடு வந்து இறங்கினார். அந்தப் பெண் வாசலில் நின்று எழுத்து எழுத்தாகக் கூட்டத் தொடங்கினார். எழுத்துக்கும் எண் உண்டென்பதை மறந்துபோனேனே!

"எஃபுக்கு எட்டு, ஓவுக்கு ஏழு, யூவுக்கு ஆறு..." முணுமுணுப்பு நீண்டது. "ஐம்பத்தொண்டு. அஞ்சும் ஒண்டும் ஆறு. இஞ்சாருங்கோ, சுக்கிரன்!"

"பலகையும் வீட்டோட வரும்தானே?" என்றார் கணவர்.

பிறகு நான் இரகசியமாகக் கூட்டிப் பார்த்தேன். பிழையில்லாமல் எழுதியிருந்தால் ஒன்பது, செவ்வாய், வீட்டில் ஓயாத சண்டை. கடைக்காரர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஒழுங்காகப் படிக்காததால் உலகம் அடைந்த ஒரே நன்மை இது.

முதற்பனி விழுவதற்குள் எல்லாம் முடிந்தது. சாமான் லொறி புறப்பட்டது, பின்னால் கிழவரின் கார். முன் இருக்கையிலிருந்து அந்த அம்மா எனக்கு இரண்டு கையாலும் முத்தம் பறக்கவிட்டார். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் நான் ஒன்றை மட்டும் பிடித்தேன்.

அதே நேரம் புது வீட்டுக்காரர் வந்து இறங்கித் தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, நல்ல வெள்ளைக்காரத் தெரு எண்டு ஏஜென்ட் சொன்னவன். அதுக்காகத்தான் கூடக் காசும் குடுத்தனான். எங்க, ஒருத்தரையும் காணேல்ல?"

மூலையில் திரும்பிக்கொண்டிருந்த காரைக் கையால் காட்டினேன்.

"அந்தா, போகினம்."