இழுக்காத வண்டியும் தலைகீழ் வாத்தும்

எந்த ஓட்டை திறந்திருந்தாலும் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. ஜன்னல் இடுக்கு, தண்ணீர் டிரம், பாத்ரூம் குழாய், எதுவானாலும் ஒரு பனியன் துணியைச் சுருட்டித் திணித்துவிடுவார். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? அதிலும் ஒரு மூட்டை விசேஷமானது. குழந்தைச் சட்டைக்கான பச்சைத் துணி, அதில் மஞ்சள் வாத்துகள். கட்டிங் டேபிளில் துணியை விரித்துப் போட்டவர் இவர்தான். வெட்டி முடித்துப் பார்த்தால் சட்டையின் கழுத்து மேலே இருக்கிறது, வாத்தின் தலை கீழே இருக்கிறது. ஆர்டர் கொடுத்த பையர் ஒரு பீஸ்கூட எடுக்கவில்லை. அந்தத் துண்டுகள் கார் டிக்கியில் துடைக்கிற துணியாகிவிட்டன. வாத்தைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்தக் கார் டர்போ வைத்த டீசல் வண்டி. எங்கள் திருப்பூரில் அப்போதுதான் அந்த மாதிரி வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. நானும் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். வாரம் முழுக்கக் கம்பெனியில் செக்கிங் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுத்துக்கொண்டு தனியாக வெள்ளகோவில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். காங்கயம் தாண்டியதும் ஜன்னலை இறக்கிவிட்டு, சுருதி சேராமல் சத்தமாகப் பாடுவேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஒருமுறை சர்வீஸ் போய்விட்டு வந்த பிறகு வண்டி சோம்பிப்போனது. ஸ்டார்ட் ஆகும், சமதரையில் போகும். மேம்பாலத்தில் எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது, பின்னால் கரும்புகை மட்டும் தாராளமாக வரும். சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திப்போய், திரும்பி வேறு பார்த்தார்.

"கிளச்சுல கால வெச்சுட்டே ஓட்டுனா எந்த வண்டி இழுக்கும்?" என்றார் வீட்டுக்காரர். அவர் ஓட்டினார். அப்போதும் இழுக்கவில்லை.

"நீ ஓட்டி ஓட்டி இப்படிப் பழகிருச்சு."

மாடா அது, பழகிப்போக? சாவியை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். சரியானாலும் இனி நான் எடுக்க வேண்டாம், எங்கே போனாலும் அவரே கூட்டிக்கொண்டு போவாராம். அவருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தது? அம்மா போனில், "ஏன் கண்ணு வரவே காணோம்?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

சர்வீஸ் விட்டிருந்த அதே வீரபாண்டி ஒர்க்‌ஷாப்புக்கு நானும் கூடவே போனேன். மெக்கானிக் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தார். மாற்றம் ஒன்றுமில்லை.

"டர்போ போயிருச்சுங்கண்ணா. அக்கா புதுசா ஓட்டறாங்க, பாருங்க" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஏனுங்க, டர்போ என்ன பண்ணுமுங்க?" என்று கேட்டேன்.

"காத்த அமுக்கி இஞ்சினுக்கு அனுப்புமுங்கக்கா."

எங்கள் கம்பெனியில் கம்ப்ரசர் செய்கிற வேலைதான். செக்கிங் டேபிளில் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று குறைந்தால், அங்கே நிற்கும் பெண்ணை யாரும் திட்டுவதில்லை. கம்ப்ரசரைத் தூக்கி எறிவதும் இல்லை. முதலில் பைப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்போம். அதைச் சொன்னேன். மெக்கானிக் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்தார்.

சோப்பைக் கரைத்து, இஞ்சினை முறுக்கிவிட்டு, டர்போவிலிருந்து போகும் பைப் முழுக்கத் தடவினோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"லீக் இல்லீங்கக்கா" என்றார் மெக்கானிக், ஜெயித்துவிட்ட குரலில்.

"லீக் இல்லீன்னா எங்கியாச்சும் அடைச்சிருக்குமுங்க. கழட்டுங்க."

சூடான காற்றை ஆற்றி அனுப்பும் இன்டர்கூலரின் வாயில் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்தார். "என்னமோ பச்சையா இருக்குதுங்க" என்றார். எனக்கு அப்போதே வயிற்றுக்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. நோஸ் பிளேயரால் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, எண்ணெய்ப் பிசுக்கோடு அது வெளியே வந்தது. பானெட்டின் மேல் விரித்தேன். கழுத்து மேலே, வாத்தின் தலை கீழே. திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி இருக்கலாம், தலைகீழ் வாத்து எங்களிடம் மட்டும்தான்.

"அண்ணா, சர்வீஸ் அன்னிக்கு நான் டீக்குப் போனப்ப நீங்கதானுங்க இங்க நின்னீங்க?" என்றார் மெக்கானிக் மெதுவாக.

"பைப்பு வாய் தெறந்து கெடந்துச்சு தம்பி. தூசி போயிருமேன்னு…"

"சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ பாத்து எடுத்துருவேன்னு நெனச்சேன்."

மெக்கானிக் எதையோ தேடுகிறவர்போலக் காருக்கடியில் புகுந்துகொண்டார். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் மறைக்கவெல்லாம் இல்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மேம்பாலத்தில் மிதித்ததும் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. பக்கத்தில் இருந்தவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு ஜன்னலில் குனிந்து, "இந்தா பாரு, கிளச்சுல…" என்று ஆரம்பித்தார். துவைத்து மடித்து வைத்திருந்த வாத்துத் துணியை எடுத்து, நான் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அவர் போய் கேட்டைத் திறந்துவிட்டார்.