கடைச் சுவரில் ஒரு நரி

2024 ஆகஸ்ட் 12, திங்கள்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். இரவுச் சாரலில் நனைந்திருந்த துணிகளைக் கொடி மாற்றிப் போட்டேன். குளித்து, காபி குடித்து, நேற்றைய சட்டைப் பையிலிருந்த பேனாவை இன்றைய சட்டைக்கு மாற்றிக்கொண்டேன். மொபெட்டை எடுப்பதற்கு முன் இரண்டு சக்கரத்தையும் அழுத்திப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது.

தென்காசியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை என்னுடையது. ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, எதிர்ச்சுவரைப் பார்ப்பதுதான் அங்கே என் முதல் வேலை. அந்தச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட நரிப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. காலையில் நரி முகத்தில் விழித்தால் வியாபாரம் நன்றாக நடக்கும் என்று ஒரு குற்றால சீசனில் அருவிக்குப் போகிற வழியிலிருந்த கடையில் என் மனைவி வாங்கித் தந்தாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் மாட்டிய நாளிலிருந்து பார்க்காமல் இருந்ததில்லை. இன்றும் பார்த்தேன். பிறகு உர மூட்டைகளின் மேல் தூசி தட்டினேன். காலாவதி நாள் முன்னால் வருகிற மருந்தை முன்வரிசைக்கு நகர்த்தினேன். டப்பாக்களின் பெயர்ப் பக்கம் எல்லாம் வாசலைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன்.

கடையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து எந்த மருந்தின் பெயரைச் சொன்னாலும் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். "என்ன பயிர், என்ன பூச்சி?" என்று கேட்பேன். பதில் வந்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் களைக்கொல்லியைப் பூச்சிமருந்து என்று நினைத்து வாங்கிப்போய் வெண்டைத் தோட்டம் முழுவதையும் கருக்கிவிட்டார். அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் இதைச் சொல்லிக் கேலி செய்வார். கொசுவத்தி வாங்க வந்தாலும் அண்ணாச்சி என்ன பயிர் என்று கேட்பார் என்பார்.

பத்து மணி வாக்கில் அச்சன்புதூர்க்காரப் பெண் வந்தாள். மலையடிவாரத்தை ஒட்டி அவளுக்குக் கீழ்வயலில் நெல்லும் மேட்டில் தக்காளியும் இருக்கின்றன. கணவர் பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போ ஓட்டுகிறார். வயலும் ஆடுகளும் அவள் பொறுப்பு. நெடுநாள் வாடிக்கை. வந்தால் முதலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பாள். பிறகு ஊர்க்கதை சொல்வாள். இன்று தண்ணீர் கேட்கவில்லை. மற்ற ஆட்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். கடை காலியானதும் கல்லாவுக்கு அருகே வந்து, மயிலுக்கு ஏதாவது மருந்து வேண்டும் என்றாள்.

நான் கேள்வி கேட்கவில்லை. பயிரும் தெரியும், என்ன தொந்தரவு என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். விடிந்ததும் மயில்கள் கூட்டமாக இறங்குகின்றனவாம். பழுக்கிற பழமாகப் பார்த்துக் கொத்துகின்றன. ஒரு கொத்து விழுந்தால் போதும், பாவூர்சத்திரத்தில் அந்தப் பழத்தைக் கூடையில் போட விடுவதில்லை. கீழ்வயலில் எலி. போன தடவை நான் கொடுத்த எலி மருந்துக்கு அடங்கியதுபோல் இருந்துவிட்டு, இப்போது கதிர் வெளிவரும் முன், பொதிப் பருவத்தில் பயிரை அடியோடு கத்தரித்துப் போட்டிருக்கின்றன. தக்காளியாவது கைக்கு வந்தால்தான் அடுத்த பருவத்துக்கு நிலத்தைக் குத்தகையில் வைத்துக்கொள்ள முடியும். வராவிட்டால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார் என்றாள்.

"தட்டு தட்டிப் பாத்தாச்சு, சேலை கட்டிப் பாத்தாச்சு. சேலை மேலயே ஏறி நின்னு பாக்குது அண்ணாச்சி. திருமலைக்கோயில் படியேறி முருகன்கிட்டயே சொல்லிட்டேன், ஒம்ம வாகனத்த நீரே பாத்துக்கிடும்னு. அவரு எங்க பாக்காரு."

மயிலைக் கொன்றால் வனத்துறை பிடிக்கும், ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்லும்போதே என் குரலில் ஒரு சுத்தமின்மை இருந்தது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கி நரிக்குக் கேட்டேன், எடுத்துத் தந்திய. அப்ப வனத்துறை இல்லையா?"



அந்த நாளை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். 2022-ஆம் வருடம் மாசி மாதம். இதே பெண் இதே இடத்தில் நின்று, நரி மூன்று ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது என்றாள். (இரண்டைத்தான் நரி கொண்டுபோனது, ஒன்று கழிச்சலில் செத்தது என்று பிறகு அவளே சொன்னாள்.) வயலில் பூச்சிக்குத் தூவுகிற குருணை மருந்து கேட்டாள். அந்த மாதம் அவள் வயலில் குருணை போட வேண்டிய பயிர் எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். செத்த குட்டி ஒன்று வீட்டில் கிடப்பதாகவும், அதைப் புதைக்கவில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். எதில் வைத்து, யாருக்கு என்று மேலே கேட்க ஒன்றுமில்லை.

வாசலில் நின்ற சைக்கிள் கடைக்காரர், "சுவத்துல நரியக் கும்புட்டுக்கிட்டே நரிக்கு மருந்து விக்கியளே அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அலமாரிப் பக்கம் திரும்பிப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். என்ன பயிர், என்ன பூச்சி என்று கேட்கவில்லை. இந்தக் கடையில் நான் அதைக் கேட்காமல் மருந்து கொடுத்தது, என் நினைவுக்கு எட்டிய வரை, அன்று ஒருநாள்தான். கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லியிருந்தால் நான் கொடுத்திருக்க முடியாது. வாடிக்கை போய்விடக் கூடாது. அவளுக்கு உதவியதாகவும் இருக்க வேண்டும். என் கையில் எதுவும் ஒட்டவும் கூடாது. இந்த மூன்றுக்காகவும் சேர்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு பை தக்காளி கொண்டுவந்தாள். இரண்டு நரி செத்துப்போயின, இனிமேல் குட்டிகளை நிம்மதியாக வெளியே கட்டலாம் என்றாள். பையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்று வைத்த தக்காளிக் குழம்பு நன்றாக இருந்தது என்று மனைவியிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது என்பதை நான் என் அலமாரியில்தான் பார்த்தேன். எலி மருந்து எப்போதும் கீழ்த்தட்டில் ஓரமாக இருக்கும். அந்த வருடம் பிசான நெல் பருவத்தில் அதை நடுத்தட்டுக்கு ஏற்றினேன். மறு வருடம் அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கினேன். மயிலை விரட்ட மினுமினுக்கும் ரிப்பன் கேட்டு வந்தார்கள். அதையும் வாங்கி வைத்தேன். மருந்துக் கம்பெனிப் பையன் வந்து உங்கள் பக்கம் எலி நல்லா ஓடுது சார் என்று சந்தோஷப்பட்டான். அந்தப் பெண் மட்டும் அல்ல, அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்த பலரும் எலி மருந்தும் ரிப்பனும் கேட்டார்கள். அவர்கள் யாருக்கும் நான் நரிக்கு மருந்து கொடுத்ததில்லை. வேறு யாராவது கொடுத்திருக்கலாம். சிலர் மின்வேலி போட்டார்கள். பாறைக்காட்டை வெட்டி வீட்டுமனை போட்டதும் உண்டு. ஆகவே எல்லாம் என்னால் என்று எழுதினால் அது பெருமையடித்துக்கொள்வதாகிவிடும். அவள் வயலைப் பற்றி மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

போன மார்கழியில் கடைக்காரர்களைக் கூட்டி வேளாண்மை அதிகாரி ஒருவர் பேசினார். நரி ஆட்டுக்குட்டியை எப்போதாவதுதான் பிடிக்கிறது, மற்ற நாட்களில் அதன் சாப்பாடு எலி, நண்டு, செத்த மாடு, தரையில் இடுகிற மயில் முட்டை, பறக்கத் தெரியாத மயில்குஞ்சு என்றார். நரியும் சாரைப்பாம்பும் கூகையும் சம்பளம் வாங்காத வேலையாட்கள், அவர்களை விரட்டிவிட்டு நீங்கள் விற்கிற மருந்தை நம்பியிருக்கிறோம் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ அப்போ நரிதான் நமக்குப் போட்டிக் கடை என்றார்கள். சிரிப்பு இன்னும் கூடியது. அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் அவள் பலமுறை கடைக்கு வந்து எலி மருந்து வாங்கிப் போயிருக்கிறாள். ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. இன்று, வேறு வழியில்லாமல் சொன்னேன். நரி இருந்திருந்தால் இத்தனை மயிலும் எலியும் சேர்ந்திருக்காது, அன்று மருந்து கொடுத்தது என் தப்பு என்றேன்.

அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

மார்கழியில் தெரியும் என்றேன்.

"மார்கழிக்குப் பெறவு எத்தன தடவ வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே, செத்த இரண்டில் ஒன்று பால் கொடுக்கிற நரி என்றாள். மடி பெருத்துக் கிடந்ததாம். பாறைக்கு அடியில் சில நாள் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை என்றாள். தக்காளிப் பையோடு வந்த அன்று இதை என்னிடம் சொல்லவில்லை. அவளும் ஒன்றை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறாள்.

"சரி அண்ணாச்சி. நீங்க தராட்டா தென்காசியில வேற கட இல்லாமலா போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கூப்பிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டும் நிற்காமல் போயிருக்கலாம்.

மிச்சப் பகல் எப்படிப் போனதென்று சரியாகச் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு யூரியாவுக்குப் பதிலாகப் பொட்டாஷ் மூட்டையை ஏற்றிவிட்டு, வண்டியை நிறுத்தி மாற்றினேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குப் போய், அச்சன்புதூர் அம்மா வந்தால் கொடுக்காதீர்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன காரணம் சொல்வது? காரணம் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். போகவில்லை. மயில் செத்துக் கிடந்தால் முதலில் அவள் வரப்பில்தான் தேடுவார்கள். அவள் கேட்டது என்னிடம். நரிக்கு வாங்கியதும் என்னிடம். ஜெயிலுக்குப் போவது மட்டும் அவள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நரி மொகத்துல முழிச்சு எலி மருந்து ஏவாரம் நல்லாத்தான் ஓடுது" என்றாள். அடுத்த தோசையைப் போடும்போது அவளே குரலைத் தணித்துக் கேட்டாள்: "அவகிட்ட தப்புன்னு சொன்னியளே, தக்காளிக்கு என்ன செய்யன்னு சொன்னியளா?"

சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதும் என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன். அவள் தக்காளி நாளைக்கும் செடியில்தான் இருக்கும். மயில் நாளைக்கும் இறங்கும். கடைப் பரணில், திராட்சைப் பந்தலுக்கு என்று ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன நைலான் வலைச் சுருள்கள் கிடக்கின்றன. காலையில் மயில் மருந்து என்று அவள் வாயைத் திறந்தபோது அவை என் தலைக்கு மேலேயே இருந்தன. சட்டத்தைப் பற்றிச் சொன்னேன், நரியைப் பற்றிச் சொன்னேன். வலை ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை எழுந்ததும் காபிகூடக் குடிக்காமல் அவளுக்கு போன் செய்தேன். இரண்டாவது தடவை எடுத்தாள். மருந்தை வாங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

"வாங்கிட்டேன். இன்னும் பிரிக்கல. மயிலு எறங்குற நேரந்தான், வரப்புல உக்காந்திருக்கேன்."

பிரிக்காமல் அப்படியே வைத்திரு, வலை கொண்டு வருகிறேன், கட்டவும் நானே நிற்கிறேன், பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிடு என்றேன். போனில், தூரத்தில் மயில் அகவுவது கேட்டது. கடைசியில், "பொழுது ஏறுறதுக்குள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள்.

சக்கரத்தை அழுத்திப் பார்க்காமல் மொபெட்டை எடுத்தேன். கடை ஷட்டரைப் பாதிவரை தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். விளக்கைப் போடவில்லை. தெருவிலிருந்து வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் பாதிக்குத்தான் எட்டியது. படத்தில் நரியின் முகம் இருட்டில் இருந்தது. ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறி, முதல் வலைச் சுருளை இறக்கினேன்.