ஸ்டியரிங்கில் ஒட்டிய ரிமோட்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஜெர்மனியிலும் பிரான்சிலும் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்தேன். அறை கிடைக்காத மூன்று மாதம் என் பழைய காரிலேயே படுத்தேன். அதில் பாட்டுக் கேட்க ரேடியோ மட்டும்தான்.

2009இல் சவுத்தாலில் மலிவான கருவி ஒன்று வாங்கினேன். அதை சிகரெட் லைட்டர் குழியில் செருகினால் எம்பி3 பிளேயரின் பாட்டு கார் ரேடியோவில் கேட்கும். பாட்டை மாற்றத் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட்டும் இருந்தது. கார் வாங்கியபோது கோவிலில் ஐயர் ஸ்டியரிங்கின் நடுவில் பொட்டு வைத்திருந்தார். நல்ல இடம் என்று ரிமோட்டை அதற்குக் கீழே ஒட்டினேன்.

ஒரு மாதம் ராசா மாதிரி ஓடித் திரிந்தேன். பிறகு ஒருநாள் பாட்டை மாற்றும்போது முன்னால் நின்ற வான் வண்டியில் மெதுவாக முட்டிவிட்டேன். பம்பரைக் காட்ட, தோர்ண்டன் ஹீத்தில் கராஜ் வைத்திருக்கும் மன்னார் நண்பன் அன்ரனிடம் போனேன். அவன் பார்த்தது ஸ்டியரிங்கை.

"அண்ணை, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஹோர்ன்."

"ஏர்பேக்! பலமா இடிச்சிருந்தா அது வெடிச்சு விரிஞ்சு, இந்த ரிமோட் உங்கட கண்ணுக்குள்ள போயிருக்கும்."

"ஐயர் பொட்டு வைச்ச இடமடா."

"ஐயர் வைச்சது குங்குமம். நீங்கள் வைச்சது கல்லு."

என்னையறியாமல் கண்ணைத் தடவிப் பார்த்தேன். அவனே ரிமோட்டைப் பெயர்த்துத் தந்தான்.

இப்போது அது ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கார் நிற்கும்போது மட்டுமே அதன் பொத்தானை அமத்துவேன். பிடிக்காத பாட்டு வந்தால் சிவப்பு விளக்கு வரும்வரை கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்டதில் சில பாட்டுகள் பிடித்தும் போய்விட்டன.