சாலையைப் பார்த்த ஜன்னல்

தீவின் கடைக்கோடி ஊரில் தங்க வேண்டுமென்றால் அங்கே ஓர் அக்கா வாடகைக்குக் கட்டிவைத்திருந்த இரண்டு அறைகளை விட்டால் வேறு கதியில்லை. இரண்டும் கடலைப் பார்த்தவை. அவளுடைய சமையலறை ஜன்னல் மட்டும் சாலையைப் பார்த்தது. இது என்ன கூத்து என்று வந்த அன்றே எனக்கு உறுத்தியது.

மணலைக் கூட்டுவது, உப்புக்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவது, போர்வை துவைப்பது என்று நாள் முழுக்க அவளுக்கு வேலை ஓயாது. மதியம் பஸ் சத்தம் கேட்டால் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக ஜன்னலுக்கு ஓடுவாள்.

"ஆளே இல்லாத இப்படியொரு கடலை வச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து நிக்கிறீங்களேக்கா," என்றேன்.

"கடல் எங்க போயிடப் போகுது தம்பி? வீட்டுக்காரர் விடியறதுக்குள்ள படகுல போயிடுவாரு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பேச்சுத்துணைக்கு நாலு பேர் வருவாங்கன்னுதான் இந்த ரூமையே கட்டினேன்."

"வர்றவங்க பேசுறாங்களா?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"எங்க பேசுறாங்க? நீங்க இப்ப சொன்னதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. இங்க ஆளே இல்லையாம். என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்றாங்க."