மழைக்குக் காத்திருந்த லீவர்

அந்தமானில், பாம்பூஃப்ளாட் போகும் வாகனப் படகில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் பாக்கு வியாபாரி. கழுவித் துடைத்த புது பிக்கப்புக்குள் உட்கார்ந்து, வானத்தைப் பார்ப்பதும், கியருக்குப் பக்கத்திலிருந்த சின்ன லீவரைத் தடவுவதுமாக இருந்தார்.

"ஃபோர் வீல் டிரைவ், தம்பி. மெயின்லேண்டிலேர்ந்து கப்பல்ல வந்துச்சு."

கடைக்கு ஒரு பிக்கப் வாங்கும் யோசனையில் நானும் இருந்தேன். "டூ வீல் டிரைவ் போதாதா அண்ணே? விலையும் கம்மி, டீசலும் மிச்சம்."

"அரே, மழையில எங்க தோட்டத்து மேட்ட நீங்க பாக்கணும்!"

"இதுவரைக்கும் எத்தன வாட்டி லீவரைப் போட்டீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. "வண்டி வந்ததுலேர்ந்து மழையே இல்லப்பா."

அக்கரை சேர்வதற்குள் மழை கொட்டியது. எல்லோரும் ஒதுங்க ஓடினார்கள். அவர் மட்டும் கதவைத் திறந்து கத்தினார்: "சலோ தம்பி, ஏறு!"

போன வேலையை மறந்து ஏறிவிட்டேன். தோட்டத்து மேடு சேறாய் வழிந்துகொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி வண்டி பின்னால் சரிந்தது. அவர் நிறுத்தி, லீவரை இழுத்தார். நாலு சக்கரமும் சேர்ந்து தரையைப் பிடித்தன. கண்ணாடியெல்லாம் சேறு, இரண்டு பேரும் கூச்சல் போட்டபடி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாக்கு மூட்டை ஏற்றுவார் என்று நினைத்தேன். வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினார்.

"என்னண்ணே, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லப்பா. இன்னொரு வாட்டி ஏறுவோம்!"

நான் கடைசியில் வாங்கியது டூ வீல் டிரைவ்தான். என் கடைக்குப் போகும் வழியெல்லாம் தார்ச்சாலை. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால், வண்டியில் இல்லாத அந்த லீவரை என் இடது கை தேடுகிறது.