கூடுதலாக இரண்டு ஸஜ்தா

என்னைப் பார்த்த அதிர்ச்சியில்தான் பள்ளிவாசலே மறுபடி தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். பதினோரு வருஷம் தொழாதவன் புத்தி அப்படித்தான் ஓடும்.

நான் சோம்பலில் தொழுகையை விட்டவன் இல்லை. சண்டை போட்டு விட்டவன். தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. அடக்கிவிட்டு வந்து, அல்லாஹ்விடம், "அளவற்ற அருளாளன்னு சொல்றாங்க, என் பிள்ளைக்கு மட்டும் மூணே நாள்னு அளந்துட்டியே" என்று கேட்டேன். சரி, நீயா நானா பார்த்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

தி.நகரில் எனக்குப் பைகளுக்கும் பெட்டிகளுக்கும் ஜிப் மாற்றும் கடை. வருகிறவனெல்லாம் இடுப்பில் பேஜரோடு அலைந்த காலம். இரண்டு சந்து தள்ளிப் பள்ளிவாசல். தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு கேட்டால் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன். வீட்டில் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டுவாள். சனிக்கிழமை எடுத்து மடித்து வைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இன்னா, யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"கல்யாணம் இல்ல, பஞ்சாயத்து."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

உண்மையாகவே பஞ்சாயத்துதான். பதினோரு வருஷமாக முதுகுக்குப் பின்னால் திட்டியதை எதிரில் நின்று கேட்கலாமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை தெரிந்த முகங்கள் வரும். அதனால் செவ்வாய், சாயங்கால அசர் தொழுகை. வாசலில் செருப்பை விடும்போதே அல்லாஹ்விடம் சொல்லிவிட்டேன்: "ஒரு தடவைதான் வருவேன். விரட்டினா அதோட முடிஞ்சுது."

தூணோரம், கடைசி வரிசை. நான்கு ரக்அத்தில் இரண்டாவது சுற்று முடிந்தது. நான் உட்காரப் போனேன், இமாம் எழுந்துவிட்டார். எனக்கு முன்னாலிருந்து ஒருவர், "சுப்ஹானல்லாஹ்!" என்று சத்தமாகச் சொன்னார். என்னைத்தான் சொல்கிறார், தப்பாக மடங்கிய என் முழங்காலைப் பார்த்துவிட்டார் என்று வியர்த்துப்போனேன். அவருக்கு முதுகில் கண்ணா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒருவழியாகக் கடைசி இருப்பு. இமாம் தலையை வலப்பக்கம் திருப்பி, தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்தார். போதும்டா சாமி என்று நானே இடப்பக்கமும் கொடுத்து, ஓடுவதற்கு எழுந்தேன். "அல்லாஹு அக்பர்!" மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்தது. நான் மட்டும் கம்பம் மாதிரி நிற்கிறேன்.

முடிந்தது. என் வரவால் எல்லார் தொழுகையும் கெட்டுவிட்டது. எனக்காக மறுபடி விழுகிறார்கள். வாசலில் என் செருப்பு தெரிந்தது. பத்தடி. கால் அந்தப் பக்கம் திரும்பியேவிட்டது.

அப்போதுதான் கோபம் வந்தது. எதற்குப் போக வேண்டும்? பிள்ளையைக் கொடுத்தவன் நான். கேள்வி கேட்டவன் நான். இத்தனை வருஷம் கழித்துத் தேடி வந்தவனும் நான். "போகமாட்டேன். வேணும்னா நீயே வந்து கழுத்தைப் பிடிச்சுத் தள்ளு" என்று சொல்லிவிட்டு, எல்லாரும் தலை தூக்குகிற நேரத்தில் தொப்பென்று விழுந்தேன். அவர்கள் மறுபடி விழுந்தபோது நான் எழவே இல்லை. வெள்ளைச் சட்டையில் கஞ்சி வாசனை. அந்த மூன்று நாளும் கையில் இருந்த கனம் ஞாபகம் வந்தது. அழுதேன். யாரும் தள்ளவில்லை.

தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த பெரியவர் என் தோளைத் தட்டினார். "இன்னா பாய், எழுந்து நின்னுக்கினு இருந்தீங்க? மாம்பலத்துல ரயிலு புடிக்கணுமா?"

"எல்லாரும் ஏன் பாய் மறுபடி விழுந்தாங்க?"

"மறதி சஜ்தா பாய். மதரஸாவுல ஓதினதில்லியா? நடுவுல ஒண்ணை மறந்துட்டா, கடைசியில ரெண்டு சஜ்தா செஞ்சா போதும். தொழுகை கூடிடும், கெடாது."

இமாம் எங்கள் பக்கம் திரும்பிக் கூச்சத்தோடு தாடியைத் தடவினார்.

அந்த 'சுப்ஹானல்லாஹ்' அவருக்குச் சொன்னது; இரண்டாவது ரக்அத்தில் உட்கார மறந்துவிட்டார்.