ஸ்ட்ரெச்சர்காரருக்குத் திசை போன கதை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'மேப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். ஜன்னலே இல்லாத நடைபாதைகளில் புது டாக்டர்கள் திருதிருவென்று முழித்தால் அவர்தான் கரைசேர்ப்பார். சும்மா சொல்லக்கூடாது, அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் வந்த பக்கவாதம் கைகாலை விட்டுவிட்டுத் திசையைக் கொண்டுபோய்விட்டது. வெளி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த நரம்பு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "மூளையில ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வகை செல் இருக்கு. இது எந்த இடம்னு சொல்றது ஒண்ணு. எவ்வளவு தூரம் வந்தோம்னு கணக்கு வைக்கிறது ஒண்ணு. பக்கத்துல சுவர் இருக்குன்னு சொல்றது இன்னொண்ணு. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்ற செல்களோட பாதைதான் உங்களுக்கு அடிபட்டிருக்கு. இடம் தெரியும், அங்கேருந்து எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. வண்டி தள்ளாதீங்க."

தள்ளாமல் எப்படி? இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. லிஃப்டை விட்டு வந்ததும் வலது கையால் சுவரை உரசிக்கொண்டு முப்பத்திரண்டு அடி நடந்தால் ஆபரேஷன் தியேட்டர். இந்தக் கணக்கை வைத்தே மூன்று வாரம் ஓட்டிவிட்டார்.

அன்று ஸ்ட்ரெச்சரில் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஒரு பெண். கூடவே அவள் அம்மா ஓடிவந்தாள். பன்னிரண்டாவது அடியில் எதிரே சிலிண்டர் வண்டி வந்தது. அதற்கு வழிவிட ஸ்ட்ரெச்சரைச் சுற்றித் திருப்பினார். மறுபடி வலது கை சுவரில். பதின்மூன்று, பதினான்கு... முப்பத்திரண்டில் கதவைத் தள்ளினால், அட கடவுளே, அழுக்குத் துணி மூட்டைகள்!

கை சுவரை விடவில்லை, எண்ணிக்கையும் தப்பவில்லை. எதிர்ச்சுவரைப் பிடித்து வந்த வழியே திரும்பிவிட்டது மட்டும் அவருக்கு உறைக்கவேயில்லை. இது சலவை அறை என்று தெரிந்தது. தியேட்டர் எந்தப் பக்கம்? பாழாய்ப்போன தலை பதிலே சொல்லவில்லை.

"அண்ணே, ஏன் நின்னுட்டீங்க? இவ கை சில்லுனு ஆகுதுண்ணே!"

குத்துமதிப்பாகத் தள்ளினால் வேலை மிஞ்சலாம். இவள் மிஞ்சுவாளா?

"யாராவது ஓடியாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "எனக்கு வழி தெரியல! தியேட்டர் எங்கேன்னு தெரியல!"

இரண்டு நர்ஸுகள் வந்து வண்டியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து வராதீங்க. வீட்டுக்குப் போங்க."

அவர் அறைக்கு வெளியே வந்தார். நடைபாதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டுகிடந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே தலையை நீட்டினார்.

"சார்... யாராவது என்னை வாசல்ல கொண்டுபோய் விடுவாங்களா?"